ஷிஃபா கேட்டு நின்றவை

"உம்மா, ஃபேன் எதுக்குச் சுத்துது?" என்று மூன்று வயது ஷிஃபா கேட்டாள். "நீ சோறு திங்கத்தான் சுத்துது, வாயத் தொற" என்று சஃப்ரின் சொன்னாள். கூடத்து ஃபேன் நின்றுபோனது. அச்சன்புதூரில் அன்றைக்குக் கரண்ட் போகவில்லை. பக்கத்து அறை ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது, ஃப்ரிட்ஜ் உறுமிக்கொண்டிருந்தது. சஃப்ரின் சுவிட்சை நாலைந்து தடவை அணைத்துப் போட்டாள். பிறகு ஒட்டடைக் கம்பால் இறக்கையைத் தள்ளினாள். அது கால்வட்டம் போய், சுவரில் முட்டியதைப்போல நின்றது. அவளுடைய அண்ணன் ஆதம் பம்புசெட் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவன், பஸ் நிறுத்தத்தை ஒட்டிக் கடை வைத்திருந்தான். அவன் டெஸ்டரோடு வந்து ஸ்டூலில் ஏறிப் பார்த்து, எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்றான். கீழே நின்ற ஷிஃபா அதே கேள்வியை அவனிடமும் கேட்டாள். ஆதமுக்குத் தொழிலைப் பற்றி யார் கேட்டாலும் விளக்கிச் சொல்லாமல் இருக்க முடியாது. "உள்ள செம்புக் கம்பியச் சுருட்டி வச்சிருக்கு தாயீ. கரண்டு வந்தா அந்தக் கம்பி காந்தமாயிரும். ஒரு காந்தம் இன்னொண்ணத் தள்ளும்லா, அந்தத் தள்ளுலதான் சுத்துது" என்று அவன் சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஃபேன் சுற்றத் தொடங்கி அவன் தொப்பியைத் தட்டிவிட்டது. தொப்பி அலமாரிக்கு மேலே போய் விழுந்தது. ஷிஃபா மிச்சச் சோற்றைத் தானே எடுத்துத் தின்றாள்.

அதன்பிறகு நின்றவை பல. சுவர்க் கடிகாரம் ஒன்பது நாள் நின்றது. மிக்ஸி நின்றது, ஆதம் வந்தான், ஓடியது. பக்கத்து வீட்டு முப்பிடாதியம்மாள் ஒரு சேவல் வளர்த்தாள். அது எதற்குக் கூவுகிறது என்று ஷிஃபா கேட்டபோது, "ஒன்னய மாதிரி சோம்பேறிக் கழுதைகள எழுப்பத்தான்" என்று முப்பிடாதியம்மாள் வாய் நிறையச் சிரித்துக்கொண்டு சொன்னாள். மறுநாள் விடியுமுன் சேவல் கழுத்தை நீட்டி வாயைத் திறந்து, சத்தமில்லாமல் மூடிக்கொண்டது. பதினாறு நாள் அப்படியே. யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்று அவள் கூண்டில் எலுமிச்சம்பழம் கட்டினாள். பசுவுக்கு ஊசி போட வந்த கால்நடை ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர்தான், கோழி இனத்துக்கு உடம்புக்குள்ளேயே நேரம் தெரியும், வெளிச்சம் வருவதற்கு முன்னாலேயே அது தட்டி எழுப்பிவிடும் என்று பிள்ளையிடம் சொன்னார். சேவல் அன்றைக்குப் பகல் பதினொரு மணிக்குத் தொடங்கி, பதினாறு நாள் பாக்கியையும் சேர்த்து சாயங்கால அஸர் தொழுகைப் பாங்கு வரைக்கும் கூவியது. சுரண்டைப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் பஸ்ஸில் போனபோது, காற்றாலை எதற்குச் சுற்றுகிறது என்று ஷிஃபா கேட்டாள். பக்கத்துச் சீட்டுக்காரர் ஒருவர், மேகத்தை விரட்டுவதற்கு என்று சொல்லிவைத்தார். நூறு காற்றாலைகளுக்கு நடுவில் அந்த ஒன்று மட்டும் நான்கு மாதம் நின்றது. கம்பெனிக்காரர்கள் ஐந்து முறை ஏறி இறங்கினார்கள். கடைசியில் ஆதம் பிள்ளையை பைக்கில் வைத்துக்கொண்டு போய் அதன் அடியில் நிறுத்தி, ஃபேனைத் திருப்பிப் போட்டால் காற்றாலை என்று விளக்கிவிட்டு வந்தான். அது சுற்றத் தொடங்கியது. அங்கே இருந்த காவல்காரர் மாமனுக்கும் பிள்ளைக்கும் மோர் கொடுத்தார்.

பிள்ளை கேட்டால் நிற்கும், சரியான பதில் வந்தால் ஓடும் என்று சஃப்ரின் புரிந்துகொண்டாள். சவூதியில், தம்மாமில், ஏ.சி. பிளாண்ட் ஒன்றில் ஃபோர்மேனாக இருந்த அவள் புருஷன் யஹ்யாவிடம் போனில் சொன்னாள். "எங் கம்பெனியப் பத்தி மட்டும் கேக்க விட்டுராத" என்று அவன் சிரித்தான். சஃப்ரினுக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் எட்டாவதோடு நின்றவள். கடைக்காரர் மிச்சம் தர மறந்தால் கேட்காமல் திரும்பி வருகிறவள். வீட்டுக்குள் நாலு ஆள் வந்தால் அடுப்படிக் கதவுக்குப் பின்னால்தான் நிற்பாள். அப்படிப்பட்டவளுக்கு, ஊரையே நிறுத்தக்கூடிய ஒரு பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு தெருவில் நடக்க வேண்டியிருந்தது. ஷிஃபா எதையாவது உற்றுப் பார்த்தால் இவள் பேச்சை மாற்றுவாள். ரயில்வே கேட் மூடும்போது கேள்வி வருமுன் பிள்ளையின் முகத்தைத் தன் பக்கம் திருப்பிக்கொள்வாள்.

இரண்டாயிரத்து இருபத்திரண்டாம் வருஷ சீசனில், ஆடி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், காலை பத்தேகால் மணிக்குக் குற்றாலம் பேரருவி நின்றது. ஷிஃபாவுக்கு அப்போது ஆறு வயது. பெண்கள் பகுதியில், நூறு தலைகளுக்கு நடுவில், "உம்மா, இந்தத் தண்ணி ஏன் தீரவே மாட்டேங்கு?" என்று அவள் கத்திக் கேட்டாள். சீயக்காய் கண்ணில் விழுந்துவிடுமே என்ற பதற்றத்தில், "நீ குளிச்சு முடிக்கிற வரைக்கும் தீராது, கண்ண மூடு" என்று சஃப்ரின் சொல்லிவிட்டாள். குழாயை அடைத்ததுபோல அருவி நின்றது. இரைச்சல் ஓய்ந்ததும் காது வலித்தது. பாறையில் செதுக்கியிருந்த லிங்கங்கள் ஈரம் மின்ன வெளியே தெரிந்தன. தலையில் சோப்பு நுரையோடு ஆண்களும் பெண்களும் அண்ணாந்து பார்த்தார்கள். கூட்டத்தை ஒழுங்குபடுத்திய போலீஸ்காரம்மா பழக்கதோஷத்தில் விசிலை ஊதினாள். செங்கோட்டைப் பக்கமும் மலைக்கு மேலேயும் சாரல் விழுந்துகொண்டுதான் இருந்தது. சாயங்காலத்துக்குள் டிவிக்காரர்கள் வந்தார்கள். காமிராவுக்கு முன்னால் மூன்று பேர் மூன்று காரணம் சொன்னார்கள். லாட்ஜ் அறைகள் காலியாயின. மங்குஸ்தான் விலை பாதியாக இறங்கியது. சஃப்ரின் நனைந்த துணியோடு பஸ் ஏறி வீட்டுக்கு வந்து, கதவைத் தாழ்ப்பாள் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தாள். யாரிடமும் சொல்லவில்லை. சீசன் மூன்று மாதந்தான், அந்த மூன்று மாதத்தை வைத்து வருஷம் முழுக்கச் சாப்பிடுகிறவர்கள் அங்கே எத்தனை பேர் என்று அவளுக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் பிள்ளையைத் திரும்பக் கூட்டிக்கொண்டு போனாள். எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் அந்தக் கேள்வியைக் கேட்கச் சொன்னாள். ரம்புட்டான் கூடைக்குப் பின்னால் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருந்த பெண், "மேல மோட்டார் போட்டுல்லா விடுதாங்க. கரண்டு பில்லு கட்டல போலிருக்கு பாப்பா" என்றாள். சிப்ஸ் கடைக்காரர், "பாவம் செஞ்சவன் எவனோ வந்து குளிச்சிருக்கான், அதான்" என்று போலீஸ்காரரை ஜாடையாகப் பார்த்தார். எண்ணெய் தேய்த்துவிடுகிற பலவேசம் மட்டும் பாட்டில்களை வரிசையாக வைத்துக்கொண்டு சும்மா இருந்தார். மலை மேலே விறகு பொறுக்கி, தேன் எடுத்து, முட்டி தேய்ந்த பிறகு கீழே வந்தவர். ஷிஃபா கேட்டதும் அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்தார்.

"என்னட்டயா கேக்க? இந்தா பாரு." துண்டை வாளித் தண்ணீரில் முக்கித் தூக்கிப் பிடித்தார். அது சொட்டியது. "செண்பகாதேவி அருவிக்கும் மேல காடு கெடக்கு. காட்டுக்கு அடியில மண்ணு இந்தத் துண்டு கணக்காத்தான் இருக்கும். பெய்யுத மழையப் பூராம் குடிச்சுக்கிடும். பொறவு கொஞ்சங் கொஞ்சமா விடும். அது எல்லாம் ஒண்ணா சேந்து இங்கன வந்து விழுது. மழ நின்னாலும் துண்டு காயுத வரைக்கும் தண்ணி வரும்."

"துண்டு காஞ்சிட்டுன்னா?"

"காஞ்சிட்டுன்னா நான் மலையாளத்துக்குப் போயி எண்ண தேய்க்க வேண்டியதான்."

ஷிஃபா கடைசிச் சொட்டு விழுகிறவரைக்கும் துண்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு "ம்" என்றாள். மேலே இரைச்சல் கேட்டது. தண்ணீர் வந்தது. பலவேசம் ஆச்சரியப்படவில்லை, துண்டைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டு, "அண்ணாச்சி, வாங்க, எண்ண தேச்சுக்கிடுங்க" என்று எழுந்து போனார்.

அந்தப் புரட்டாசியில் ஒரு மத்தியானம், சஃப்ரின் கூடத்தில் சாய்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். ஷிஃபா வந்து அவள் மார்பில் காதை வைத்துப் படுத்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "உம்மா, உள்ள என்னமோ தட்டுது" என்றாள். கேள்வி இல்லை, சும்மா சொன்னதுதான். ஆனால் சஃப்ரின் எழுந்த வேகத்தில் மொச்சை கூடம் முழுக்கச் சிதறியது. அடுத்தது என்னவென்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. இன்றைக்கோ நாளைக்கோ பிள்ளை அதைக் கேட்பாள். கடிகாரம் ஒன்பது நாள் நிற்கலாம், அருவி ஒரு நாள் நிற்கலாம். இது எத்தனை நிமிஷம் நிற்கலாம்? யாருடையது நிற்கும், தன்னுடையதா பிள்ளையுடையதா? ஆதமிடம் கேட்டாள். "அது வயர் இல்லாத சாமானுல்லா" என்று அவன் தலையைச் சொறிந்தான். அன்று மாலை அவள் ஷிஃபாவை எதிரே உட்கார வைத்து, இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "இனிமே நீ யாருகிட்டயும் எதையும் கேக்கப்படாது. கேட்டியன்னா உம்மா மவுத்தாயிருவேன், செத்துப்போயிருவேன்" என்றாள்.

ஷிஃபா ஏழு மாதம் எதையும் கேட்கவில்லை. முதல் மாதம் வாயைத் திறந்து மூடினாள், பதினாறு நாள் சேவலைப்போல. பிறகு அதுவும் நின்றது. எறும்பு வரிசையைக் கண்டால் தாண்டிப் போனாள். மழைக்கு ஜன்னலிடம் ஓடுவதை விட்டாள். பேச்சு சுருங்கிச் சுருங்கி "ம்", "வேண்டாம்", "சரி" என்று மூன்று சொல்லில் வந்து நின்றது. அந்த ஏழு மாதமும் அச்சன்புதூரில் எல்லா யந்திரங்களும் ஒழுங்காக ஓடின. பள்ளிக்கூடத்தில் டீச்சர், "ரொம்ப அடக்கமான பிள்ளைம்மா, இருக்கிற இடமே தெரியாது" என்று பாராட்டினாள். தான் எட்டாவது படிக்கும்போது இதே வார்த்தைகளைத் தன் உம்மாவிடம் ஒரு டீச்சர் சொன்னதும், அந்த முழுப்பரீட்சைக்கு முன்னால் வீட்டில் தன்னைப் பள்ளிக்கூடத்தைவிட்டு நிறுத்தினதும், ஏன் என்று தான் கேட்காமலே இருந்துவிட்டதும் சஃப்ரினுக்கு ஞாபகம் வந்தது.

ஆதம்தான் வழி சொன்னான். "திருநெல்வேலியில அறிவியல் மையம் இருக்குல்லா. ஒவ்வொரு சாமானுக்கும் பக்கத்துலேயே காரணத்தத் தமிழ்ல எழுதிப் போட்டிருக்கான். பெருநாளைக்குச் சாமான் வாங்குத மாதிரி பதில மொத்தமா வாங்கிட்டு வந்துரு. பிள்ள கேக்குததுக்கு முன்னாடி நீ ரெடியா இருக்கலாம்." அவளுக்கு வேண்டியது ஒரே ஒரு பதில்தான். சித்திரை மாதத்து விடுமுறையில், பர்தாவுக்குள் வியர்த்து வழிய, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு தென்காசியில் பஸ் மாறி, ஆலங்குளம் வழியாகத் திருநெல்வேலிக்குப் போனாள். தனியாக அவ்வளவு தூரம் போவது அதுதான் முதல் தடவை. டிக்கெட் கவுண்டரில் "ரெண்டு" என்று சொன்ன குரல் உள்ளே இருந்தவருக்குக் கேட்கவில்லை. விரலைக் காட்டினாள்.

உள்ளே எல்லாமே அசைந்துகொண்டிருந்தது. புனல் மாதிரி ஒரு பள்ளத்தில் இரும்புக் குண்டு சுற்றிச் சுற்றி இறங்கியது. கண்ணாடிக் கோளத்துக்குள் ஊதா மின்னல் கையைத் தேடி வந்தது. ஒரு கண்ணாடியில் ஆள் தலைகீழாகத் தெரிந்தார். நிற்கக்கூடிய பொருட்களாகவே ஒரு கட்டடம் முழுக்கச் சேர்த்து வைத்திருக்கிறார்கள் என்று சஃப்ரினுக்குத் தோன்றியது. அவள் ஒரு பலகை விடாமல் உதட்டை அசைத்து வாசித்துக்கொண்டே போனாள், பாதிக்குமேல் மண்டையில் ஏறவில்லை. மற்றப் பிள்ளைகள் பொத்தானை அமுக்கிக் கத்திக்கொண்டு ஓடின. ஷிஃபா இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, வாயை இறுக்கி மூடி, ஒரு மேஜைக்கு முன்னால் நின்றாள். மேஜையில் படகுபோல வளைந்த சின்னக் கட்டை ஒன்று இருந்தது. ஒரு பக்கமாகச் சுழற்றினால் சுழன்றுகொண்டே இருக்கும். மறு பக்கமாகச் சுழற்றினால் கொஞ்ச நேரம் சுழன்று, தடதடவென்று ஆடி, நின்று, தானாகவே திரும்பி முதல் பக்கமாகச் சுழலும். அங்கே வேலைபார்த்த நிர்மலாதேவி, கழுத்தில் அடையாள அட்டை தொங்க, அதைச் சுழற்றிக் காட்டிக்கொண்டிருந்தாள்.

"பாப்பா, தொட்டுப் பாரு. ஒண்ணும் செய்யாது" என்றாள். ஷிஃபா அசையவில்லை. "ஏம்மா, பிள்ளைக்குப் பேச்சு வராதா?"

"வரும்" என்றாள் சஃப்ரின். "கேள்வி கேக்கக் கூடாதுன்னு சொல்லி வச்சிருக்கேன்."

"இங்கன கூட்டிட்டு வந்தா?" நிர்மலாதேவி சிரித்துவிட்டாள். "ஓட்டலுக்குக் கூட்டிட்டு வந்து வாயத் தைச்சு வச்ச மாதிரில்லா இருக்கு!"

அதற்குள் கட்டை இன்னொரு தடவை ஆடி, நின்று, திரும்பியது. ஏழு மாதமாக அடைத்து வைத்திருந்தது பிய்த்துக்கொண்டு வந்ததுபோல, "அது ஏன் திரும்புது?" என்று அந்த மண்டபமே கேட்கும்படி கத்தினாள். கத்திவிட்டு, உம்மாவைப் பார்த்து, உம்மா மவுத்தாகிவிட்டாளா என்று பயந்து அழத் தொடங்கினாள். சஃப்ரின் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். குண்டு நிற்கும், மின்னல் நிற்கும், கட்டடமே நிற்கும் என்று காத்திருந்தாள்.

"தெரியாதே பாப்பா" என்று நிர்மலாதேவியின் குரல் கேட்டது. "பதினோரு வருஷமா சுத்தி விட்டுட்டிருக்கேன். பெரிய சார் ரெண்டு தடவ வரைஞ்சு காட்டினாரு, எனக்கு மண்டையில ஏறல. நீ ஒரு தடவ சுத்து. கீழ குனிஞ்சு பாப்போம், எங்கன ஆடுதுன்னு."

சஃப்ரின் கண்ணைத் திறந்தாள். கட்டை சுழன்றுகொண்டிருந்தது. அரசாங்க வேலைபார்க்கிற ஒரு பெண், முட்டியை மடக்கித் தரையில் உட்கார்ந்து, பிள்ளையோடு கன்னத்தை ஒட்டவைத்துக்கொண்டு மேஜை விளிம்பில் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் நிற்கவில்லை. அப்போதுதான் சஃப்ரின் ஒவ்வொன்றாகத் திரும்ப எண்ணிப் பார்த்தாள். நீ சோறு திங்கத்தான். சோம்பேறிகளை எழுப்பத்தான். மேகத்தை விரட்டத்தான். நீ குளிக்கிற வரைக்கும். கேள்விக்கு எதுவும் நிற்கவில்லை. வாயை அடைக்கச் சொன்ன பதிலுக்குத்தான் ஒவ்வொன்றும் நின்றது. அவளுக்குத் தெரிந்த பெரியவர்களில் ஒருவர்கூட ஒரு சின்னப் பிள்ளையிடம் தெரியாது என்று சொன்னதில்லை. தெரியாததற்கெல்லாம் அவர்கள் ஒரு பதில் வைத்திருந்தார்கள்.

மாடியில் இதயம் இருந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள், இளநீர் அளவில், சிவப்பும் நீலமுமாக. பொத்தானை அமுக்கினால் லப்-டப் என்று ஒலிபெருக்கியில் சத்தம் வந்தது. சஃப்ரின் பலகையைத் தேடினாள், பலகையில் ரத்தம் எந்த வழியாக வந்து எந்த வழியாகப் போகிறது என்று இருந்தது. ஷிஃபா பெட்டியையும் உம்மாவின் மார்பையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "இது நிக்காம அடிக்கணும்னு இதுக்கு யாரு சொல்லிக் குடுத்தா?" பலகையில் அது இல்லை. அல்லா என்று சொல்லலாம், அது பொய் இல்லை. ஆனால் பிள்ளையை அந்த இடத்தைவிட்டு நகர்த்துவதற்காகத் தான் அதைச் சொல்லப்போகிறோம் என்று சஃப்ரினுக்கே தெரிந்தது. ஒரு கையைத் தன் மார்பிலும் ஒரு கையைப் பிள்ளையின் மார்பிலும் வைத்துக்கொண்டாள். "எனக்குத் தெரியாது தாயீ" என்றாள். இரண்டு கைக்கு அடியிலும் அடித்தது. திரும்பவும் அடித்தது. அறுபது வரைக்கும் எண்ணிய பிறகுதான் கையை எடுத்தாள்.

திரும்பி வரும்போது ஷிஃபா எண்பத்தேழு கேள்வி கேட்டாள். சஃப்ரின் எழுபத்தொன்பதற்குத் தெரியாது என்றாள். பஸ் எங்கேயும் நிற்காமல் சொன்ன நேரத்துக்குத் தென்காசி வந்தது. அதன்பிறகு இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை அவர்கள் திருநெல்வேலிக்குப் போனார்கள். கவுண்டர்காரருக்கு அவள் குரல் கேட்கத் தொடங்கியது. தெருவிலும் விஷயம் பரவியது. முதலில் சேவலுக்காகத்தான் முப்பிடாதியம்மாள் பயந்து பயந்து "தெரியாது" என்று சொன்னாள். அறுபது வருஷமாகத் தூக்கிச் சுமந்ததை இறக்கி வைத்ததுபோல இருந்தது என்று பிறகு சொன்னாள். "ஏட்டி சஃப்ரின், எனக்கு ஒண்ணுமே தெரியாதுட்டீ! நல்லா இருக்கு இது" என்று காம்பவுண்டுச் சுவருக்கு மேலே தலையை நீட்டி ஒருநாள் சிரித்தாள். அடுத்த வருஷத்துக்குள் அந்தத் தெருவில் பால்காரர், ஓதிக்கொடுக்கிற உஸ்தாது, கரண்ட் ரீடிங் எடுக்க வருகிறவர் எல்லாரும் தெரியாது என்று சொல்லப் பழகியிருந்தார்கள். எதுவும் நிற்கவில்லை.

இரண்டாயிரத்து இருபத்துநான்கில் யஹ்யா நாற்பது நாள் லீவில் வந்தான். மூன்று வருஷத்துக்குப் பிறகு வருகிறான். அவன் வரும்போதெல்லாம் போலவே கோழியும் இறைச்சியுமாகச் சமைத்தார்கள். சொந்தக்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். வீடு எப்போதோ கட்டி முடித்தாயிற்று, தங்கைகளையும் கட்டிக்கொடுத்தாயிற்று. யஹ்யா சோபாவில் உட்கார்ந்திருந்தான். தண்ணீர் வேண்டுமென்றால் கேட்டான், எங்கே இருக்கிறது என்று தெரியாது. அடுப்படிக்குள் வருவதற்கு முன்னால் செருமினான். ஷிஃபா எந்த வகுப்பு என்று ஒருநாள் சஃப்ரினிடம் ரகசியமாகக் கேட்டுவைத்துக்கொண்டான். பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் மூடாமலே வைத்திருந்தான். பதினைந்தாம் நாளில் இருந்து போனில் பிளாண்ட் ஆட்களோடு பேசும்போது மட்டும் அவன் குரல் நிமிர்ந்து நின்றதை அவள் அடுப்படியில் இருந்து கேட்டாள்.

நாற்பதாம் நாள் மத்தியானம், திருவனந்தபுரம் ஏர்போர்ட்டுக்குப் போக, ஜஸ்டின் காரைக் கொண்டுவந்து நிறுத்தினான். செங்கோட்டைக்காரன், அந்தப் பக்கத்து ஆட்களையெல்லாம் அவன்தான் ஏற்றிக்கொண்டு போவான். பெட்டிகள் ஏறின. யஹ்யா செருப்பை மாட்டினான்.

"வாப்பா, நீங்க ஏன் போறிய?" என்றாள் ஷிஃபா.

"உனக்காகத்தான் தாயீ" என்று சொல்லி, அவள் தலையில் முத்தம் வைத்து, வாசலுக்குத் திரும்பினான். கால் நிலைப்படியைத் தாண்டவில்லை.

வீட்டுக்குள் எங்கே வேண்டுமானாலும் நடக்க முடிந்தது. வெளியே போகத்தான் முடியவில்லை. பின்வாசலைப் பார்த்தார்கள், அங்கேயும் அப்படித்தான். ஆதமும் ஜஸ்டினும் ஆளுக்கொரு பக்கம் தூக்கினார்கள், நிலையோடு அவன் கனத்து நின்றான். "மச்சான், உண்மையச் சொல்லிருங்க, ஃப்ளைட்டுக்கு நேரமாவுது" என்றான் ஆதம். யஹ்யா பிள்ளையைப் பார்த்துச் சொல்லிப் பார்த்தான். உன் படிப்புக்காக. வீட்டுக்காக. இங்கே இப்படி வேலை கிடையாது. ஒவ்வொன்றுக்கும் பிறகு காலை நீட்டிப் பார்த்தான். "தெரியாதுன்னு சொல்லுங்க தம்பி, எனக்கு அதுலதான் சேவலு நிக்காமக் கூவுது" என்று சுவருக்கு மேலே இருந்து முப்பிடாதியம்மாள் சொன்னாள். "தெரியாது" என்றான் யஹ்யா. கால் நகரவில்லை. "அப்பம் அவருக்குத் தெரிஞ்சிருக்கு" என்று ஜஸ்டின் மெதுவாகச் சொல்லிவிட்டு, பெட்டிகளை இறக்கி வைத்துவிட்டுப் போனான். ஃப்ளைட் போய்விட்டது.

ஐந்து நாள் யஹ்யா வீட்டில் இருந்தான். முதல் நாள் சோபாவிலேயே உட்கார்ந்திருந்தான். இரண்டாம் நாள் ஒழுகிக்கொண்டிருந்த குழாய்க்கு வாஷர் மாற்றினான். மூன்றாம் நாள் உப்பு ஜாடி எங்கே இருக்கிறது என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. ஷிஃபா ஒரு மூங்கில் முறத்தைச் சரித்து, கோலிக்குண்டு எப்படிச் சுற்றி இறங்குகிறது என்று அவனுக்குக் காட்டினாள். இரண்டு பேரும் தரையில் கவிழ்ந்து படுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சஃப்ரினுக்கு உள்ளே குளிர்ந்தது, அதே நேரம் உறுத்தவும் செய்தது. ஏனென்றால் பதில் அவளிடம் இருந்தது. லீவின் பதினைந்தாம் நாளே அது அவளுக்குத் தெரியும். வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும், திரும்பிப் போகிற விசா ஆறாம் நாள் முடிந்துவிடும். பேசாமல் இருப்பது அவளுக்குப் பழகாததா? ஆனால், யாரும் பார்க்கவில்லை என்று நினைத்தபோதெல்லாம் யஹ்யா வாசலுக்குப் போய், வெந்நீரில் விரல் வைத்துப் பார்ப்பதுபோல, காலின் பெருவிரலை நிலைப்படிக்கு வெளியே வைக்கப் பார்த்ததையும் அவள் கண்டாள். ஒரு நாளைக்கு ஆறு தடவை, ஏழு தடவை. எண்ணக் கூடாது என்று நினைத்தும் எண்ணினாள்.

ஐந்தாம் நாள் காலையில் ஷிஃபா அடுப்படிக்கு வந்தாள். "வாப்பாவுக்குச் சொல்லத் தெரியல. மாமாவுக்கும் தெரியாதாம். உம்மா, உனக்குத் தெரியுமா?"

தெரியாது என்று ஒரு வார்த்தை. ஒன்றரை வருஷத்தில் ஆயிரக்கணக்கான தடவை சொல்லியிருப்பாள், ஒவ்வொரு தடவையும் அது நிஜமாக இருந்தது. பிள்ளை வாயைக் கொஞ்சம் திறந்து, அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். கட்டை திரும்புகிறதைப் பார்த்த அதே பார்வை. கூடத்தில் முறத்தில் உருண்டுகொண்டிருந்த கோலிக்குண்டுச் சத்தம் நின்றது. யஹ்யாவும் கேட்டுக்கொண்டிருக்கிறான். இப்போது பொய் சொன்னால் என்ன நிற்கும் என்று சஃப்ரினுக்குத் தெரியும். ஃபேன் இல்லை, அருவி இல்லை. இந்தப் பிள்ளை இனிமேல் தன்னிடம் கேட்பது நிற்கும்.

"தெரியும்" என்றாள். அடுப்பை அணைத்துவிட்டுக் கூடத்துக்கு வந்தாள். கதவுக்குப் பின்னால் நிற்கவில்லை. அந்த வீட்டில் அதுவரைக்கும் அவள் பேசியதிலேயே அதுதான் உரக்கப் பேசியது. "ஒங்க வாப்பாவுக்கு இங்கன இருக்கத் தெரியல தாயீ. பதினொரு வருஷமா விருந்தாளியாவே வந்து போயிட்டாரு. அங்கன அவரு ஒரு ஆளு, நாலு பேரு அவரக் கேட்டுத்தான் எதையும் செய்வாங்க. இங்கன அவரக் கேக்காமலே எல்லாம் நடக்கு. நாமளும் அப்படியே பழகிட்டோம். நாப்பது நாளைக்கு மேல இங்க இருந்தா, தான் யாருன்னு அவருக்கே தெரியாமப் போயிருமோன்னு பயமா இருக்கு. அதான் போறாரு. உனக்காக இல்ல, எனக்காகவும் இல்ல. பயந்து போறாரு."

ஷிஃபா வாப்பாவைப் பார்த்தாள். யஹ்யா தரையில் இருந்து எழுந்து நின்றான். முகம் சிறுபிள்ளை முகமாக இருந்தது. "ம்" என்றாள் ஷிஃபா.

ஆதம் அன்றைக்கே வேறு டிக்கெட் போட்டுவிட்டு, போன் பண்ணி ஜஸ்டினை வரச்சொன்னான். பதினொரு மணிக்குக் கார் வந்தது. இனி நிலைப்படி அவனை விட்டுவிடும் என்று எல்லாருக்கும் தெரிந்திருந்ததால், ஜஸ்டின் முதலிலேயே பெட்டிகளைத் தூக்கி டிக்கியில் வைத்து மூடினான். முப்பிடாதியம்மாள் சுவரோரம் வந்து நின்று தலையை மட்டும் ஆட்டினாள். சஃப்ரின் தண்ணீர் பாட்டிலை நிரப்பிக் கொடுத்தாள். யஹ்யா அதை வாங்கிக்கொண்டு அவள் முகத்தைப் பார்த்தான், பிறகு பிள்ளையின் முகத்தைப் பார்த்தான். இங்கேயே இருங்கள் என்று அவள் ஒரு சொல் சொல்லியிருக்கலாம், இருந்துவிடுகிறேன் என்று அவனும் ஒரு சொல் சொல்லியிருக்கலாம். அவன் வலது காலைத் தூக்கி வெளியே வைத்தான். பிறகு இடது காலையும் வைத்தான். போய்க் காரில் ஏறிக்கொண்டான்.